இல்லாத காற்றுக்கு இரண்டு எச்சரிக்கைகள்

நான் பணி ஓய்வு பெற்ற அன்று பேசியவர்கள் எல்லாரும், இத்தனை வருடத்தில் ஒரு தவறுகூடச் செய்யாமல் கடல் காற்றைக் கணித்தவர் என்று என்னைப் புகழ்ந்தார்கள். கழுத்தில் பெரிய ரோஜா மாலை கிடந்தது. மறுத்துப் பேசலாம் என்று வாயைத் திறந்தேன். இதழ் ஒன்று உள்ளே போய் இருமல் வந்துவிட்டது. நான் தழுதழுத்துவிட்டதாக நினைத்துக் கை தட்டினார்கள். இப்போது மாலை இல்லை. கடலூர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இருமலில் நின்றுபோனதை எழுதுகிறேன்.

முதலில் நம் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. செயற்கைக்கோளில் இருக்கும் ரேடியோமீட்டர் காற்றைப் பார்ப்பதில்லை. உலகத்தில் எல்லாப் பொருளும் மெல்லிய நுண்ணலையை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது, கடலும் அப்படித்தான். காற்று அடித்தால் கடல் சொரசொரப்பாகும், நுரை கட்டும், அது வெளிவிடும் நுண்ணலை கொஞ்சம் கூடும். பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற கருவி அந்தக் கூடுதலை அளக்கிறது. அதிலிருந்து நாம் காற்றின் வேகத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறோம். வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணி, வீட்டுக்குள் எத்தனை விருந்தாளிகள் என்று சொல்வது மாதிரி. பெரும்பாலும் சரியாகவே இருக்கும், விருந்துக்கு ஒரு செருப்பு வியாபாரி வராத வரைக்கும்.

எனக்கு அந்த வியாபாரி வந்தது, ஓய்வுக்கு ஆறு வருடம் இருக்கும்போது. கவனியுங்கள், நான் அப்போது புதியவள் இல்லை. இந்த அலுவலகத்துக்கே பொறுப்பாளர். புதியவர்கள் பயந்து பயந்து சின்னத் தவறு செய்வார்கள். பெரிய தவறு செய்ய அனுபவம் வேண்டும்.

பங்குனி மாதம் பாதி கடந்திருந்தது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்க இரண்டு வாரம்தான் பாக்கி. தடை வந்துவிட்டால் இரண்டு மாதம் விசைப்படகுகள் கட்டிப்போட்டுக் கிடக்கும் என்பதால், அந்தக் கடைசி நாட்களில் துறைமுகத்தில் ஒருவரும் சும்மா இருக்கமாட்டார்கள். கடலும் அந்த மாதத்தில்தான் மிக அமைதியாக இருக்கும்.

அன்று மதியச் சுற்றின் தரவு மூன்றரை மணிக்கு வந்தது. கடலூருக்கு நேர் கிழக்கே, முப்பத்தைந்து கடல்மைல் தூரத்தில், நீல வங்கக் கடலுக்கு நடுவே பப்பாளியை அறுத்து வைத்தது போல ஒரு சிவப்புத் திட்டு. படகைக் கவிழ்க்கும் வேகம். கணிப்புகள் எதிலும் அப்படி ஒரு காற்று கிடையாது. கரைக்கு அருகே என்றால் நிலத்தின் நுண்ணலை கலந்து குழப்பும் என்று நமக்குத் தெரியும். ஆனால் இது கரையிலிருந்து வெகுதூரம். மழையும் இல்லை. கணிப்பு தவறவிட்ட காற்றை நான் பிடித்துவிட்டேன் என்று முடிவுகட்டினேன். மாலை ஐந்து மணிக்கு, நாளை யாரும் கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கையில் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு நடந்து போகும்போது என் நடையே மாறியிருந்தது. வழியில் தெரிந்தவர் ஒருவர், "என்னா மேடம், புரமோஷனா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை கடல், எண்ணெய் ஊற்றி வைத்த தாம்பாளம் மாதிரி கிடந்தது.

பத்து மணிக்குச் செல்வி வந்தாள். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுப்பவள். அவள் கணவன் ஏழுமலைக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக என் மேசைக்கு வந்தாள்.

"மேடம், காத்து எங்க?"

"நடுக்கடல்ல செல்வி. கரையில தெரியாது."

"நடுக்கடல்ல காத்து அடிச்சா கரைக்கு அல வராதா? இந்தா பாருங்க, நண்டு நடந்து போன தடம்கூட அழியாம அப்டியே இருக்குது. ரெண்டு வாரம்தான் இருக்குது எங்களுக்கு. அதுல ஒரு நாள தூக்கிக்கினீங்க."

"உயிருன்னு ஒண்ணு இருக்குல்ல."

"அத வெச்சிக்கினு என்னா பண்றது, வூட்ல உக்காந்து எண்ணிக்கினு இருக்கறதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவள் போனதும் எனக்கு லேசாக ஒரு சந்தேகம் வந்தது, உண்மைதான். ஆனால் மூன்றரை மணிக்கு அன்றைய மதியச் சுற்று வந்தது. அதே இடத்தில் அதே சிவப்பு. எனக்கு வந்தது பயம் இல்லை, சந்தோஷம். 'பார்த்தாயா, நேற்று நான் சொன்னது சரிதான்' என்று மனதுக்குள் செல்வியிடம் பேசினேன். முந்தின இரவு, நள்ளிரவு தாண்டி வந்த சுற்றில் அந்தத் திட்டு இல்லவே இல்லை என்பதையும் பார்த்தேன். 'ராத்திரியில் தணிந்துவிடுகிறது' என்று நானே ஒரு விளக்கமும் கொடுத்துக்கொண்டேன். ஒரே ஆள் ஒரே பொய்யை இரண்டு தடவை சொன்னால் அது இரண்டு சாட்சி ஆகாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஒரு நாள் தேவைப்பட்டது. இரண்டாவது எச்சரிக்கையிலும் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் காலை சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் எனக்குப் பேச்சு. ஒரு மாதத்துக்கு முன்னாலேயே ஒப்புக்கொண்டது. தலைப்பு, 'மீனவர் உயிர் காக்கும் செயற்கைக்கோள்'. கடலூரிலிருந்து பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது செய்தித்தாளைப் பிரித்து, "காத்தாம்ல காத்து" என்று சிரிப்பது போலவே எனக்குத் தோன்றியது. பரங்கிப்பேட்டைப் பக்கம் ஏறிய ஒருவர் நிஜமாகவே சிரித்தார்.

கூடத்தில் இருநூறு பிள்ளைகள் இருந்தார்கள். மின்விசிறிகளுக்கு நேர் கீழே இருந்தவர்கள் மட்டும் விழித்திருந்தார்கள். நான் படங்களைப் போட்டு, கடைசியாக அந்த வாரத்து மதியச் சிவப்புத் திட்டையும், இரவில் அது தணிந்துவிடுவதையும் காட்டினேன். மற்றவர்கள் தவறவிட்டதை நாங்கள் பிடித்தோம் என்று சொன்னேன். இரண்டு நாளாகக் கடலில் அலையே இல்லை என்பதைச் சொல்லவில்லை. ஏதாவது கேள்வி உண்டா என்றேன். 

"ஒண்ணு கேக்கலாங்களா?" என்று ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மைக் செட் போட வந்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கும், தலையில் வெள்ளைத் தொப்பி, கழுத்தில் ஒயர் சுருள். பெயர் இஸ்மாயில் என்று பிறகு தெரிந்தது. வளைகுடாவில் பதினோரு வருடம் டிஷ் ஆன்டெனா மாட்டும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை வைத்திருப்பவர்.

"கேளுங்க பாய்."

"இந்தக் கருவி கடல நேரா கீழ பாக்குதா, சாச்சிப் பாக்குதாங்க?"

"சாய்ச்சுத்தான் பார்க்கும்."

"மத்தியானம் எந்தப் பக்கமா சாஞ்சி பாக்குது?"

கொஞ்சம் யோசித்தேன். "அந்தத் திட்டு தெரியறப்போ மேற்கால."

"ராத்திரி?"

"வேற பக்கம்."

"மத்தியானம் மட்டும்தானே உங்க காத்து அடிக்குது?"

கூடத்தில் விழித்திருந்த பத்துப் பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என் காது சூடானது. கல்லூரி முதல்வர் எழுந்து, நேரம் ஆகிவிட்டது, நன்றியுரை என்று என்னைக் காப்பாற்றினார்.

காப்பாற்றப்பட்டதோடு நான் கிளம்பியிருந்தால் இதை எழுதவேண்டியிருக்காது. கேள்வி கேட்டவரைக் கண்டால் ஒதுங்கிப் போகத்தான் கால் இழுக்கும். அன்று என்னவோ, வெளியே வேனில் ஒலிபெருக்கிப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் நானே போனேன்.

"எதுக்கு பாய் அப்டி கேட்டீங்க?"

அவர் பெட்டியை இறக்கி வைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். பரங்கிப்பேட்டையில ஒரு ஹாஜியார் வூட்ல பெரிய டிஷ் மாட்டிக் கொடுத்தேன். அரபு நாட்டு சேனலுக்கு. அந்த சேட்லைட்டு மேற்கால ரொம்பத் தாழ இருக்கும், நம்மூரு சேனல் மாரி உச்சியில இருக்காது. வூட்டுக்குப் பக்கத்துல எறால் குட்ட. ஒரு நாளு டிஷ்ஷோட நட்டு கழண்டு, தல குப்புறத் தொங்கி, குட்டயப் பாத்துக்கினு இருக்கு. அது அவுங்களுக்கே தெரியல. ரெண்டு நாளு படம் வந்துக்கினே இருந்துருக்கு!"

"குட்டையிலேருந்தா?"

"தண்ணி கண்ணாடி மாரி இருந்திச்சின்னா, மேலருந்து வர்ற சிக்னலு தண்ணியில பட்டு டிஷ்ஷுக்கு வந்துடுது. காத்தடிச்சி தண்ணி கலங்கிச்சின்னா படம் போயிடும். ஹாஜியார் எனக்குப் போன் போட்டு என்னா கம்ப்ளைண்டு சொன்னாரு தெரியுமா? 'இஸ்மாயிலு, காத்து நின்னா டிவி ஓடுது, காத்தடிச்சா நிக்குது'ன்னாரு. வெயில்ல தல சுத்திடுச்சி போலன்னு நெனச்சேன். போய்ப் பாத்தா நெசம்." வேன் கதவில் சாய்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டார். "உங்க கடலு இந்த மூணு நாளா எப்டி மேடம் இருக்கு?"

கண்ணாடி மாதிரி இருந்தது.

கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். டிக்கெட்டின் பின்பக்கத்தில் கோணத்தைப் போட்டுப் பார்த்தேன். மேற்கே தாழ இருக்கும் ஓர் ஒளிபரப்புக் கோள். அதன் அலை அமைதியான கடலில் பட்டுத் தெறித்தால், நம் கருவி மேற்காகச் சாய்ந்து பார்க்கிற மதிய நேரத்தில் அதன் கண்ணுக்கு நேராகப் போகும். கடல் எவ்வளவு அமைதியோ அவ்வளவு பளிச்சென்று இருக்கும். நம் கணக்கோ, பளிச்சென்றால் காற்று என்று படித்துவிடும். அப்படியென்றால் கடலில் காற்று அறவே இல்லை என்பதைத்தான் கருவி எனக்கு இரண்டு நாளாகக் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறது. நான் அதற்கு எச்சரிக்கை கொடுத்திருக்கிறேன்.

ஆனால் இதெல்லாம் ஒரு இறால் குட்டையும் ஒரு பஸ் டிக்கெட்டும் சொல்வது. தவறாகவும் இருக்கலாம். எச்சரிக்கையை நிறுத்தி, உண்மையில் அங்கே காற்று இருந்துவிட்டால்?

மூன்று மணிக்கு அலுவலகப் படியேறினேன். வாசலில் செல்வி உட்கார்ந்திருந்தாள். நேற்று வந்த செல்வி இல்லை. முகம் வெளுத்திருந்தது, கையில் போன்.

"மேடம், நெசத்த சொல்லுங்க. அங்க காத்து இருக்குதா, இல்லியா?"

"நேத்து நீதானே காத்து எங்கன்னு கேட்ட?"

"நேத்து அவரு வூட்ல இருந்தாரு."

விஷயம் இதுதான். ஏழுமலை பொறுக்கமாட்டாமல் விடிவதற்கு முன்னாலேயே முகத்துவாரம் வழியாகப் படகை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கூட நான்கு பேர். எச்சரிக்கையை மீறிப் போனது தெரிந்தால் கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கனை நிறுத்திவிடுவார்கள் என்பதால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆழ்கடல் படகுகளுக்குக் கொடுத்திருந்த சேட்டிலைட் போன் அவனிடம் இருந்தது. அவள் கூப்பிட்டால் எடுக்கவில்லை. திட்டுவாள் என்று தெரியும்.

மூன்றரைக்குத் தரவு வந்தது. அதே சிவப்பு. செல்வி என் தோளுக்குப் பின்னாலிருந்து திரையைப் பார்த்தாள். அவளுக்குக் கடல் வரைபடம் தெரியாது, ஆனால் சிவப்பு தெரியும். "அய்யோ" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் முதல் நாளே செய்திருக்கவேண்டிய காரியத்தை அப்போது செய்தேன். கருவி பார்க்கிற ஒவ்வோர் அலைவரிசையையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன். காற்று என்றால் எல்லாவற்றிலும் தெரியவேண்டும். ஒன்றே ஒன்றில் மட்டும் எரிந்தது. மற்றவை எல்லாம் குளிர்ந்து கிடந்தன. என் மனதில் பத்துக்கு எட்டுப் பங்கு தெளிந்தது. மீதி இரண்டு பங்கில் ஐந்து பேர் மிதந்துகொண்டிருந்தார்கள். அங்கே இருக்கிற ஒரு மனிதன் சொல்லவேண்டும். அங்கே ஒரே ஒரு மனிதன்தான் இருந்தான்.

அலுவலக எண்ணிலிருந்து கூப்பிட்டேன். எடுத்துவிட்டான்.

"அலோ!"

"ஏழுமலை, காத்து ஆபீஸ் மேடம் பேசறேன். எங்க இருக்கீங்க?"

 பின்னால் டக்டக்கென்று இன்ஜின்.

"திருவந்திபுரத்துல மேடம். மொட்ட போட வந்தேன். வேண்டுதல்."

செல்வி தலையைத் தூக்கினாள்.

"அது என்னா சத்தம்?"

"ஜெனரேட்டரு மேடம். இங்க கரண்டு இல்ல."

"சேட்டிலைட் போன எதுக்குக் கோயிலுக்கு எடுத்துக்கினு போனீங்க?"

"வூட்ல வெச்சா தொலஞ்சிடும்ல. கவருமெண்டு பொருளு."

அந்த நேரம் பார்த்து இன்னொரு குரல் கேட்டது: "அண்ணே, வலய இழுக்கலாமா?"

"அது யாரு?"

"மொட்ட போடறவரு மேடம்."

"வலையை இழுக்கலாமான்னு கேட்டாரே?"

"தலய மேடம். தலய இழுக்கலாமான்னு கேட்டாரு. நான் ஒக்காந்த பொசிஷன் சரியில்லியாம்."

கோபப்பட்டு, 'நீ கடலில்தான் இருக்கிறாய், எனக்குத் தெரியும்' என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் போனை வைத்திருப்பான். எனக்குச் சாட்சி போயிருக்கும். அவனை மாட்டிவிடுவதா, அவனிடமிருந்து தெரிந்துகொள்வதா என்று ஒரு நொடி யோசித்தேன். பேச்சில் நானும் திருவந்திபுரத்துக்கே போனேன்.

"சரி, கோயில்லயே இருங்க. நீங்க எங்க இருக்கீங்கன்னு நான் எங்கயும் எழுதப்போறதில்ல. அங்க காத்து எப்டி இருக்கு?"

"காத்தா? ஒரு எல ஆடல மேடம்."

"ஊதுவத்தி ஏத்தியிருக்கா?"

"இருக்குது. சாமி படத்துக்கு."

"புகை எப்டி போவுது?"

"நட்டுக்கா மேல போவுது. கயிறு கட்டித் தொங்கவுட்ட மாரி."

"கோயில் குளம்?"

"மொகம் பாத்து சவரம் பண்ணலாம் மேடம்."

"காலையிலேருந்தே இப்டித்தானா?"

"காலையிலேருந்து இப்டித்தான். வேர்த்து ஊத்துது."

கடைசிக் கேள்வியை மெதுவாகக் கேட்டேன். "கோயில் கரையிலேருந்து எவ்ளோ தூரம் ஏழுமலை?"

இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், ரொம்ப மரியாதையாக: "முப்பத்தாறு மைலு மேடம். நேர் கெழக்கால."

செல்வி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "மொட்டையா போடற, மொட்ட! வா வூட்டுக்கு, நானே போட்டு வுடறேன்!" என்று கத்தினாள். கத்தி முடித்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நாலே முக்கால். தலைமை அலுவலகத்து இயக்குநரைக் கூப்பிட்டேன். மூன்றாவது எச்சரிக்கை கொடுக்கப்போவதில்லை, முந்தையதையும் விலக்கிக்கொள்கிறேன் என்றேன்.

"கருவி மூன்று நாளாக ஒரே மாதிரி சொல்கிறது. நீங்கள் எதை வைத்து மறுக்கிறீர்கள்?" என்றார்.

"ஒரே அலைவரிசையில்தான் சார் தெரிகிறது. அந்த இடத்தில் நேரில் இருக்கிறவர் ஒருவரும் காற்று இல்லை என்கிறார்."

"எந்தக் கப்பல்?"

"கப்பல் இல்லை சார்."

"பின்னே?"

"ஒரு பக்தர்."

மறுமுனையில் பேனாவை மூடும் சத்தம் கேட்டது. "அம்மா, நாளைக்கு ஏதாவது நடந்தால், பக்தர் சொன்னார் என்று நான் மேலே எழுத முடியாது."

"என் பெயரை எழுதுங்கள் சார்."

சொல்லிவிட்டேனே தவிர, வீரம் எல்லாம் போனை வைக்கிற வரைக்கும்தான். வைத்ததும் ஒவ்வோர் அலைவரிசையையும் மறுபடி பிரித்துப் பார்த்தேன். மேசையில் டீ ஆறிப்போனது. மறுநாள் விடியற்காலையில் துறைமுகத்திலிருந்து எல்லாப் படகும் கிளம்பிப் போயின. நான் பால்கனியில் கொடியில் கிடந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆடினால் எழுந்து நின்றேன், அடங்கினால் உட்கார்ந்தேன். அன்று சாயங்காலமும் அடுத்த நாளும் படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒரு படகுகூடக் குறையவில்லை. பிறகு விசாரித்ததில், ஏதோ ஒரு வெளிநாட்டு ஒளிபரப்புக் கோள் அந்த வாரம்தான் நம் கருவியின் அலைவரிசைக்கு ஒட்டினாற்போலச் சோதனை ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தது தெரிந்தது.

"தொழில்நுட்பக் காரணம் என்று ஒரு வரி அறிக்கை விடுங்கள், போதும்" என்றார் இயக்குநர். நான் அறிக்கை விடவில்லை. மீனவர் சங்கக் கட்டடத்துக்கு நேரில் போனேன். அறுபது, எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஏழுமலை, பளபளவென்று நிஜ மொட்டையோடு. சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்னதற்காகச் செல்வி அடுத்த நாளே திருவந்திபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

"உங்களோட ரெண்டு நாளு என்னால போச்சு. அங்க காத்து இல்ல. வேற ஒரு நாட்டு டிவி ஒளிபரப்பு கடல்ல பட்டுத் தெறிச்சத நான் காத்துன்னு நெனச்சிட்டேன். முதல் நாளே சோதிச்சிருக்கணும். சோதிக்கல. தப்பு என்னோடது" என்று சொன்னேன்.

 திட்டப்போகிறார்கள் என்று நின்றேன். ஏழுமலை மொட்டையைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"எந்த சேனலு மேடம்?"

"தெரியல. வெளிநாட்டு சேனல்."

"நம்மூரு சீரியலா இருந்தாகூட மனசு ஆறியிருக்கும்" என்றான். சங்கத் தலைவர் சிரிக்கக் கூடாது என்று மேசைக்குக் கீழே எதையோ தேடினார். அப்புறம் கூரை அதிர்கிற மாதிரி எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு.

அந்தப் பிழை பற்றித் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதியபோது, நன்றி தெரிவிக்கும் இடத்தில் இஸ்மாயில் பாயின் பெயரைப் போட்டேன். பதவி, நிறுவனம் என்று படிவத்தில் கட்டங்கள் இருந்தன. 'மைக் செட், டிஷ், சிதம்பரம்' என்று எழுதினேன். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். இரண்டு முறையும் அதையே எழுதி அனுப்பினேன். அச்சானதும் பிரதியை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். பெயரை விரலால் தடவிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ். போன் நம்பரும் போட்டிருக்கலாம் மேடம், ரெண்டு ஆர்டரு வந்திருக்கும்" என்றார்.

இப்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். இப்படிப் பகிரங்கமாகத் தப்பை ஒப்புக்கொண்டால் அடுத்த முறை யார் நம்புவார்கள்? இயக்குநரும் இதையேதான் கேட்டார். பதில் ஒரு வாரத்தில் வந்தது.

தடைக்காலத்துக்கு இரண்டே நாள் இருந்தது. அந்தமான் பக்கமிருந்து ஒரு காற்றுச் சுழற்சி நகர்ந்துகொண்டிருந்தது. அது வடக்கே போய்விடும் என்று எல்லாக் கணிப்புகளும் சொல்லின. நம் கருவி வேறு மாதிரி சொன்னது. இரவுச் சுற்றில் எங்களுக்குத் தென்கிழக்கே சிவப்பு. மதியச் சுற்றில் அது இன்னும் பக்கத்தில். இந்த முறை எல்லா அலைவரிசையையும் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் ஒன்றாக எரிந்தன. கடைசி இரண்டு நாள் என்பதால் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றி முடித்துப் படகுகள் தயாராக நின்றன. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் இன்னொரு தடவை முதலிலிருந்து பார்த்தேன். போட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு நானே போனேன்.

யாராவது ஒருவர், "இன்னிக்கி எந்த சீரியலு மேடம்?" என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். ஒரு இளவட்டம் கேட்கவும் செய்தான். படகில் நின்றிருந்த ஏழுமலை அவனைப் பார்த்து, "டேய், பொய்யின்னா பொய்யின்னு நம்ம எதுர வந்து நின்னு சொன்னவங்கடா. இப்ப நெசம்னா நெசம்தான். கயித்தக் கட்டு" என்றான். அவன் கட்டினான். பக்கத்துப் படகு கட்டியது. அதற்கு அடுத்த படகும் கட்டியது. ஏற்றிய ஐஸ் உருகி வழிய வழிய, ஒருவரும் போகவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணி வரை ஒன்றுமே நடக்கவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு நீளமான காலையை நான் பார்த்ததில்லை. ஒன்பதே காலுக்குச் செல்வி போன் செய்தாள். "மேடம், வந்துருச்சி! வந்துருச்சி!" வெளியூரிலிருந்து தம்பி வந்து இறங்கியது போல அத்தனை சந்தோஷம் குரலில். ஐஸ் ஃபேக்டரியின் தகரக் கூரை பறந்து ரோட்டில் கிடந்தது. முகத்துவாரத்தில் அலை பனைமரம் உயரத்துக்கு எழுந்ததாகச் சொன்னார்கள். கட்டிய படகுகளே ஒன்றோடொன்று மோதிப் பலகை உடைந்தன. வெளியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அலுவலகத்தில் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன, மேசையில் இருந்த காகிதம் எல்லாம் பறந்தது. மூடச் சொன்னேன், ஒருவரும் நகரவில்லை, எல்லாரும் ஜன்னலோரம் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது இயக்குநரிடமிருந்து அழைப்பு.

"அம்மா, கணிப்பில் கடலூருக்கு ஒன்றும் இல்லையே. இந்தத் தடவையாவது உறுதியாகச் சொல்லமுடியுமா? அங்கே நிஜமாகவே காற்று இருக்கிறதா?"

நான் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன்.